மாற்று எரிசக்தி: எது மலிவு என்று கேட்கும் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புடைய வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். எங்களிடம் விலை விசாரிக்க வருபவர்களில் பலரும் முதலில் கேட்பது, சூரிய ஒளி, காற்று, சாண எரிவாயு, ஹைட்ரஜன் ஆகியவற்றுள் எது மலிவு என்பதைத்தான். மின்சாரத்தின் விலை அது எந்த நேரத்தில் கிடைக்கிறது, முதலீட்டுக்கான கடன் என்ன வட்டியில் கிடைக்கிறது, ஏதேனும் பழுதானால் இழப்பு யார் தலையில் விழுகிறது என்பவற்றைப் பொறுத்தே அமைவதால், இதற்கு ஒரு வரியில் பதில் சொல்ல இயலவில்லை. நாங்கள் சோலார் பேனலும் பேட்டரியும் விற்பவர்கள் என்பதை மனத்தில் வைத்தே இம்மடலைப் படிக்குமாறு வேண்டுகிறோம்.

முதலில் கிலோவாட் கணக்கு. ஓராண்டுக்கு 8,760 மணி நேரம். ஒரு கிலோவாட் திறனுள்ள இயந்திரம் இடைவிடாமல் ஓடினால் 8,760 யூனிட் கிடைக்க வேண்டும். நன்றாக நடத்தப்படும் அணு மின்நிலையம் இதில் ஏறத்தாழ 90 விழுக்காட்டை எட்டுகிறது. நல்ல இடத்தில் நிறுவப்பட்ட தரைக் காற்றாலை 25 முதல் 40 விழுக்காடு வரை தரும். சூரிய மின்தகடோ, இடத்தைப் பொறுத்து 10 முதல் 25 விழுக்காட்டுக்குள்தான் நிற்கும். ஆகவே ஒரு கிலோவாட்டுக்கு என்ன விலை என்று இவற்றை ஒப்பிட்டுக் காட்டும் எந்த விளம்பரத்தையும் நம்ப வேண்டாம். ஆண்டுக்கு எத்தனை யூனிட் என்பதையே கேளுங்கள்.

சூரிய மின்சாரத்தின் விலைச் சரிவு உண்மையானது. 1954-இல் பெல் ஆய்வுக்கூடம் காட்சிக்கு வைத்த சிலிக்கான் மின்கலம் தன்மீது விழுந்த ஒளியில் சுமார் 6 விழுக்காட்டையே மின்சாரமாக்கியது. இன்று கடைகளில் கிடைக்கும் பேனல்கள் 20 விழுக்காட்டைத் தாண்டிவிட்டன. 2010-க்குப் பின் வந்த பத்தாண்டில் பேனல் விலை ஏறக்குறைய பத்தில் ஒரு பங்காகக் குறைந்தது. ஆனால் இதில் எரிபொருள் செலவு இல்லாததால், இருபத்தைந்து ஆண்டுச் செலவின் பெரும்பகுதியை முதல் நாளிலேயே கட்டிவிடுகிறோம். அதே பேனலை 25 ஆண்டுத் தவணையில் 4 விழுக்காடு வட்டிக்கு வாங்குபவரைவிட, 10 விழுக்காடு வட்டிக்கு வாங்குபவர் ஆண்டுதோறும் ஏறத்தாழ 1.7 மடங்கு கட்ட நேரிடும். வெயில் இருவருக்கும் ஒன்றுதான். காற்றாலைக்கும் அணு உலைக்கும்கூட இந்த வட்டிக் கணக்கு பொருந்தும். எரிவாயுவால் இயங்கும் நிலையத்துக்கு அவ்வளவாகப் பொருந்தாது, ஏனெனில் அங்கே செலவின் பெரும்பகுதி நாள்தோறும் எரிந்து தீர்வது.

கூரை மீது சிறிய காற்றாலை வைத்துத் தரும்படி கேட்பவர்களுக்கு நாங்கள் மறுப்புச் சொல்லி வருகிறோம். காற்றின் வேகம் பாதியானால் அதிலுள்ள ஆற்றல் எட்டில் ஒரு பங்காகிவிடுகிறது. எவ்வளவு திறமையாக வடிவமைத்தாலும் அந்த ஆற்றலில் 59.3 விழுக்காட்டுக்கு மேல் எடுக்க இயலாது என்பது பெட்ஸ் என்ற ஜெர்மானிய இயற்பியலாளர் கணித்துக் காட்டிய எல்லை. கட்டடங்களுக்கு நடுவே காற்று மெலிந்தும் சுழன்றும் வருவதால் சிறகுகள் அதிர்கின்றன, தேய்கின்றன. காற்றாலைக்கு உயரமும் திறந்த வெளியும் வேண்டும். சாண எரிவாயுவைப் பொறுத்தவரை, நாள் தவறாமல் கழிவு கிடைக்கும் இடத்தில் அது நம்பகமானது. கசிவைக் கவனிக்கத் தவறினால், கரியமில வாயுவைவிடப் பன்மடங்கு வெப்பத்தைப் பிடித்து வைக்கும் மீத்தேனை வெளியே விடுகிறோம் என்பது மட்டும் நினைவிருக்கட்டும்.

அபாயம் என்றவுடன் பலர் அணு உலையைத்தான் நினைக்கிறார்கள். 1986-இல் செர்னோபில், 2011-இல் ஃபுகுஷிமா என்ற பெயர்கள் மறக்கக்கூடியவை அல்ல. ஆயினும் உற்பத்தியான மின்சாரத்துக்கு எத்தனை உயிர் என்று கணக்கிட்ட ஆய்வுகளில், அணு, காற்று, சூரியன் மூன்றும் ஏறத்தாழ ஒரே தாழ்ந்த நிலையில் நிற்க, நிலக்கரி தன் புகையாலேயே பல மடங்கு மேலே நிற்கிறது. யாரும் அஞ்சாத நீர்மின்சாரத்தின் வரலாற்றிலோ, 1975-இல் சீனாவின் பான்சியாவ் அணை உடைந்து பல்லாயிரம் பேர் மடிந்த பேரழிவு இருக்கிறது. அணுசக்தியின் பெரிய இடர் பணமும் காலமும்தான் என்பது எங்கள் கருத்து: பின்லாந்தின் ஒல்கிலுவோட்டோ மூன்றாம் உலையின் கட்டுமானம் 2005-இல் தொடங்கியது, முறையான மின் உற்பத்தி 2023-இல்தான் வந்தது. புவிவெப்பமும் கடல் மட்டத்தின் அன்றாட ஏற்ற இறக்கமும் இடம் வாய்த்தவர்களுக்கே உரியவை. பிரான்சின் ரான்ஸ் கழிமுகத்தில் இந்த ஏற்ற இறக்கத்தால் இயங்கும் 240 மெகாவாட் நிலையம் 1966 முதல் இயங்கி வந்தும், அதைப் போன்ற பெரிய நிலையங்கள் உலகில் மிகச் சிலவே.

இனி, சேமிப்பு. உண்மையான சிக்கல் இங்கேதான் உள்ளது. லித்தியம் பேட்டரியில் செலுத்திய மின்சாரத்தில் 85 முதல் 90 விழுக்காடு வரை திரும்பக் கிடைக்கும்; நீரை மேலேற்றி இறக்கும் நிலையங்களில் 70 முதல் 80 விழுக்காடு; ஹைட்ரஜனாக மாற்றி மீண்டும் மின்சாரமாக்கினால் மூன்றில் ஒரு பங்களவே மிஞ்சும். எஃகு, உரம் போன்ற தொழில்களுக்கு ஹைட்ரஜன் தேவைப்படலாம், வீட்டுக்கு அதை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. பேட்டரியின் செலவும் பயன்பாட்டைப் பொறுத்ததே: நாள்தோறும் நிரம்பி வடியும் பேட்டரி தன் விலையை ஆயிரக்கணக்கான சுற்றுகளில் பகிர்ந்துகொள்கிறது, கோடையில் நிரப்பி மழைக்காலத்துக்கு வைத்துக்கொள்ளும் பேட்டரிக்கு ஆண்டில் ஒரு சுற்றுதான், ஆகவே அது எந்த விலையிலும் கட்டுப்படியாகாது. லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகை மற்ற லித்தியம் வகைகளைவிட வெப்பத்தைத் தாங்கும் என்றாலும், தீப்பிடிக்கவே பிடிக்காது என்று எவரேனும் சொன்னால் அவரிடம் வாங்க வேண்டாம். படுக்கையறையிலும் வெளியேறும் வழியிலும் அதைப் பொருத்தித் தரமாட்டோம்.

பேட்டரி இல்லாமல் மின்கட்டமைப்புடன் மட்டும் இணைத்த சூரிய அமைப்பு, மின்தடையின்போது தானும் நின்றுவிடும். கம்பியில் வேலை செய்யும் ஊழியரின் உயிரைக் காப்பதற்காக இன்வெர்ட்டரில் அமைந்த ஏற்பாடு அது, பழுதன்று. அந்த இன்வெர்ட்டரைப் பத்து முதல் பதினைந்து ஆண்டுகளில் ஒருமுறை மாற்ற வேண்டியிருக்கும் என்பதையும் எங்கள் விலைப்புள்ளியில் தனி வரியாகக் காட்டுகிறோம்.

விலைப்புள்ளி கேட்பவர்கள் கடந்த பன்னிரண்டு மாத மின்கட்டணச் சீட்டுகளையும், பகலில் எந்தெந்த நேரம் மின்சாரம் அதிகம் தேவைப்படுகிறது என்ற குறிப்பையும், கூரையின் மீது மதியத்துக்குப் பின் விழும் நிழலின் படம் ஒன்றையும் சேர்த்து அனுப்புமாறு கேட்டுக்கொள்கிறோம். நிழல் மிகுந்த கூரையென்றால் வேண்டாம் என்றே பதில் எழுதுவோம்.

இப்படிக்கு,
நிறுவனத்தார்