நிலக்கரி, தீயில் வெந்த மரம் அன்று

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் மாணவர் பகுதியில் அண்மையில் வந்த குறிப்பொன்றில், பழங்காலக் காடுகள் எரிந்து மண்ணில் புதையுண்டதே நிலக்கரி என்றும், நெய்வேலிப் பழுப்பு நிலக்கரி முதிர்ந்தால் மேற்கு வங்கத்து ராணிகஞ்ச் நிலக்கரியாகிவிடும் என்றும் கண்டிருந்தது. தேங்காய்த் தொட்டிக்கரி சுடுவதை அன்றாடம் பார்த்து வளரும் காங்கேயம் வட்டாரப் பிள்ளைகள் முதற்கூற்றை ஐயமின்றி நம்பிவிடுவார்கள் என்பதால் இதை எழுதுகிறேன்.

தொட்டியைக் காற்று அதிகம் புகாமல் சுட்டால், சில நாள்களுக்குள் கரி கிடைத்துவிடுகிறது. நிலக்கரி உருவாக அத்தகைய தீ தேவையில்லை. சதுப்பில் விழுந்த மரம் ஆக்சிஜன் எட்டாததால் முழுவதும் மட்காமல் கிடக்க, நுண்ணுயிர்கள் மரத்தின் நார்ப்பொருளான செல்லுலோசை முதலில் தின்று தீர்க்கின்றன. மரத்துக்கு உறுதி தரும், எளிதில் சிதையாத லிக்னின் எஞ்சுகிறது. விறகடுப்புப் புகைக்கு மணம் தரும் குவையகால் என்னும் சேர்மம் இந்த லிக்னினிலிருந்தே பிறக்கிறது என்றால் வீட்டுப் பெண்களுக்கும் விளங்கும், ஆண்களுக்கும் விளங்க வேண்டும். லிக்னினின் பென்சீன் வளையத்தில் (ஆறு கார்பன் அணுக்களின் வளையம்) ஒட்டியிருக்கும் மெத்தாக்சித் தொகுதி (ஓர் ஆக்சிஜனும் ஒரு மெத்திலும் சேர்ந்தது), பழுப்பு நிலக்கரி நிலையில் தன் மெத்திலை இழந்து, வளையம் இரண்டு ஆக்சிஜன் கொண்ட கேட்டக்கால் வடிவம் பெறுகிறது. அதைவிட முதிர்ந்த கருநிலக்கரியான பிட்டுமினஸ் நிலையை நெருங்கும்போது ஓர் ஆக்சிஜன் கழன்று, ஒன்று மட்டுமே எஞ்சிய பீனால் வடிவமாகிறது. பின்னர் வளையங்கள் ஒன்றோடொன்று பிணைகின்றன. இவற்றுள் பெரும்பகுதி 200 டிகிரி செல்சியசுக்கும் குறைந்த வெப்பத்தில், கோடிக்கணக்கான ஆண்டுகளில் நடக்கிறது. உலர்ந்த விறகில் ஏறக்குறைய 50 விழுக்காடாக இருக்கும் கார்பன், மிக முதிர்ந்த நிலக்கரியான ஆந்த்ரசைட்டில் 90ஐத் தாண்டுவது இப்படித்தான்.

இரண்டாவது கூற்றும் சரியன்று. ராணிகஞ்ச் நிலக்கரியும் தெலங்கானாவின் சிங்கரேணி நிலக்கரியும் டைனோசர்களுக்கும் முந்தைய பெர்மியன் காலத்தவை. 25 கோடி ஆண்டுகளுக்கு முன்பே அழிந்துபோன, நாக்கு வடிவ இலைகொண்ட குளோசாப்டெரிஸ் என்னும் விதைத்தாவரம் அவற்றின் முதன்மை மூலம். அப்போது பூக்கும் தாவரங்கள் தோன்றியிருக்கவேயில்லை. நெய்வேலிப் படிவமோ பூக்கும் தாவரங்கள் மிகுந்த காட்டின் எச்சம். இவ்வகைத் தாவரங்களின் லிக்னினில், குவையகாலைத் தரும் குவையசில் என்னும் கட்டுமான அலகுடன், கூடுதலாக ஒரு மெத்தாக்சி கொண்ட சிரிஞ்சில் அலகும் கணிசமாக உண்டு. நம் தரிசுகளில் மண்டிக் கிடக்கும் எருக்கின் பாலிலுள்ள ஆமிரின், லூப்பியால் போன்ற சேர்மங்களின் வழித்தோன்றல்கள் இளம் பழுப்பு நிலக்கரிகளில் கிடைப்பதும் அந்த மூலத்தையே காட்டுகிறது. எத்தனை கோடி ஆண்டு காத்திருந்தாலும் நெய்வேலிக் காடு குளோசாப்டெரிஸ் காடாக மாறாது.

குறிப்பை எழுதியவர் பக்கத்திலும் சிறிது நியாயம் இருக்கிறது. கையில் எடுத்தால் கரி ஒட்டும், பட்டுப்போல் மினுங்கும் மென்மையான பட்டைகள் நிலக்கரியில் உண்டு. 1919இல் பிரிட்டிஷ் தொல்தாவரவியலாளர் மேரி ஸ்டோப்ஸ் நிலக்கரியின் பகுதிகளை நான்காகப் பிரித்தபோது இவற்றை ஃபியூசெய்ன் என்றார். இவற்றுள் பெரும்பாலானவை அக்காலக் காட்டுத்தீயில் வெந்த மரத்துண்டுகளே. ஆனால் அது நிலக்கரியின் ஒரு கூறு மட்டுமே.

ஆகவே, ‘எரிந்து’ என்ற சொல்லை ‘சதுப்பில் அமிழ்ந்து’ என மாற்றித் திருத்தம் வெளியிடவும், அடுத்த முறை தொட்டிக்கரியின் படத்தை நிலக்கரி என்று அச்சிடாதிருக்கவும் வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியர்,
காங்கேயம்.