திருப்பணி நிறைவு அறிக்கை: முன்றல் மழைநீர் வடிகாலும் நிலத்தடித் தாங்கியும்

அங்கத்தவர் பெருமக்களுக்கு வணக்கம்.

முன்றல் வடிகால் திருப்பணி நிறைவடைந்து, கணக்குகள் கணக்காய்வுக்குக் கொடுக்கப்பட்டுவிட்டன. மதிப்பீடு 84 இலட்சம் ரூபா. முடிவில் நின்றது 97.4 இலட்சம். "கோபுரத்துக்கு வர்ணம் பூச வைத்திருந்த காசை மண்ணுக்குள் புதைத்துவிட்டார்கள்" என்று வாசலிலும் வாட்ஸ்அப் குழுவிலும் கதை நடப்பது சபைக்குத் தெரியும். புதைத்தது உண்மைதான். எதை, ஏன் புதைத்தோம், மேலதிகமான 13.4 இலட்சம் எங்கே போனது என்பதற்கே இந்த அறிக்கை.

வெள்ளவத்தையில் நமது காணி 40 பேர்ச், அதாவது ஏறத்தாழ 1,012 சதுர மீற்றர். முன்பு அதில் பாதி மணல் முற்றம். மண்டப விரிவாக்கமும் வாகனத் தரிப்பிடமும் வேண்டும் என்று பொதுக்கூட்டமே தீர்மானித்தது. அந்த வரைபடத்துக்கு அனுமதி வந்தபோது, காணியிலிருந்து வெளியேறும் மழைநீரின் வேகம் முன்பிருந்ததைவிடக் கூடக்கூடாது என்ற நிபந்தனையும் சேர்ந்தே வந்தது. அதை நிறைவேற்றாமல், அனுமதித்தபடியே கட்டியிருக்கிறோம் என்பதற்கான இணக்கச் சான்றிதழ் கிடையாது. சான்றிதழ் இல்லாத மண்டபத்தில் கல்யாணம் வைக்க முடியாது. ஆகவே இது சபையின் ஆடம்பரம் அல்ல.

"அந்தக் காலத்தில் இதெல்லாம் இல்லாமல் இருக்கவில்லையா?" என்று கேட்ட பெரியவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அந்தக் காலத்தில் ஒழுங்கையில் வீட்டுக்கு வீடு வளவு இருந்தது. இப்போது சுவரோடு சுவராக மாடி வீடுகள், தரையெல்லாம் கொங்கிரீட். இங்கு விழும் மழை வெள்ளவத்தை, தெஹிவளை, முகத்துவாரம் கால்வாய் வாய்களால்தான் கடலுக்குப் போகவேண்டும். கால்வாய்களின் சரிவு மிகக் குறைவு. வாயில் மணல் அடைத்தால் தண்ணீர் பின்னால் தேங்கும். 1992 ஜூனில் கொழும்பில் ஒரே நாளில் ஏறத்தாழ 494 மி.மீ. மழை பெய்தது. 2010 நவம்பரில் நாடாளுமன்ற வளாகமே வெள்ளத்தில் நின்றது. அதன் பிறகு விதிகள் இறுகாமல் என்ன செய்யும்? நகர அபிவிருத்தி அதிகார சபைச் சட்டம் 1978ஆம் ஆண்டு 41ஆம் இலக்கம். அதற்கு 2007இலேயே வந்த 36ஆம் இலக்கத் திருத்தம் மழைநீர் சேகரிப்பையும் கட்டாயமாக்கியது. நமது நிலத்தடித் தாங்கி மழைநீரின் ஒரு பகுதியைச் சேகரித்து, மிகுதியைப் பிடித்து வைத்து மெதுவாக வெளியே விடுவதால் இரண்டு தேவையையும் ஒன்றாகத் தீர்க்கிறது.

தாங்கியின் அளவுதான் முதற் சண்டை. 40 கன மீற்றர் என்று கூட்டத்தில் சொல்லிவிட்டு 56 கட்டினோம் என்பது குற்றச்சாட்டு. கணக்கு இதுதான். மணித்தியாலத்துக்கு 100 மி.மீ. வீதம் மழை பெய்தால் பழைய முற்றத்திலிருந்து செக்கனுக்கு ஏறத்தாழ 12.5 லீற்றர் வெளியேறியிருக்கும். மூடிய காணியிலிருந்து வருவது 24 லீற்றர். வித்தியாசத்தை ஒரு மணித்தியாலம் பிடித்து வைக்க 41 கன மீற்றர் போதும் என்று படும். ஆனால் வெளியேறும் துளை தொடக்கத்திலிருந்தே முழு வேகத்தில் விடாது. 75 மி.மீ. துளைக்கு மேல் ஒரு மீற்றர் தண்ணீர் நின்றால்தான் செக்கனுக்கு 12 லீற்றர் போகும்; கால் மீற்றர் நின்றால் அதில் பாதிதான். நிரம்பிக்கொண்டிருக்கும் நேரமெல்லாம் துளை குறைவாகவே விடுவதால் இடம் கூட வேண்டும். இதை எடுத்துக்காட்டியவர் சம்பளம் வாங்காமல் கணக்குப் பார்த்துத் தந்த பொறியியலாளர். துளையைப் பெருப்பித்தால் நிபந்தனை மீறப்படும். தாங்கியைப் பெருப்பிப்பதே வழி. அதற்கு 5.8 இலட்சம்.

உட்புறம் 8 மீற்றருக்கு 7 மீற்றர். அடியிலிருந்து 500 மி.மீ. வரை சேகரிப்பு நீர், 28 கன மீற்றர். கழிவறைக்கும் முற்றம் கழுவவும் பூமரங்களுக்கும். அபிஷேகத்துக்கும் மடப்பள்ளிக்கும் அதை எடுக்கக்கூடாது. அதற்கு மேல் ஒரு மீற்றர் வெள்ளத்துக்கான வெற்றிடம். மழை விட்டபின் மூன்று மணித்தியாலத்துக்குள் துளைவழியே தானாக வடிந்துவிடும், பம்ப் தேவையில்லை. தாங்கியை ஆழமாக்கி இடத்தை மிச்சம் பிடித்திருக்கலாமே என்றால், வீதிக் குழாயின் அடிமட்டத்துக்குக் கீழே துளை வைத்தால் தண்ணீர் எப்படி வெளியே போகும்? தண்ணீரை மண்ணுக்குள் உறிஞ்சவிடும் குழி (சோக்கேஜ் பிட்) ஒன்று போதாதா என்பதற்கும் பதில் நிலத்தடியில்தான் இருக்கிறது. மாரியில் நமது முன்றலில் ஒரு மீற்றர் தோண்டினால் தண்ணீர். ஏற்கனவே நனைந்த மண் எதை உறிஞ்சும்?

இனி ஒப்பந்தக்காரர் விடயம். தாங்கியின் அடித்தளமும் சுவரும் முடிந்து, மேல்தட்டு போடாமலும் பக்கத்தில் மண் நிரப்பாமலும் இருந்த நிலையில், ஒரு வார இறுதியில் குழியில் தண்ணீர் இறைத்த பம்பை நிறுத்திவிட்டார்கள். டீசல் மிச்சம். சனி இரவு கனமழை. அந்த நிலையில் தாங்கியின் எடை ஏறத்தாழ 68 தொன். அடித்தளம் ஏறத்தாழ 62 சதுர மீற்றர். எனவே வெளியே நீர்மட்டம் ஒவ்வொரு 100 மி.மீ. ஏறும்போதும் 6 தொன்னுக்கு மேல் தூக்குவிசை கூடும். குழியில் தண்ணீர் ஒரு மீற்றரைத் தாண்டியதும் கொங்கிரீட் பெட்டி தோணியாகிவிட்டது. கடற்பக்க மூலை 140 மி.மீ. எழும்பியிருந்தது. அடித்தளத்தைச் சுற்றி 300 மி.மீ. நீட்டிய விளிம்பு இருப்பது, அதன்மேல் மண் இருந்து தாங்கியை அமுக்கிப்பிடிக்கத்தான். மண் போடாதவரை அந்த விளிம்பால் பயனில்லை.

உடனே உள்ளே தண்ணீர் விடச் சொன்னோம். பெட்டி இறங்கியது, ஆனால் முழுவதும் இறங்கவில்லை. இடைவெளிக்குள் மணல் ஓடிப் புகுந்துவிட்டதால் 60 மி.மீ. நின்றுவிட்டது. அடியில் மிஞ்சிய வெற்றிடத்துக்குச் சீமெந்துக் கூழ் அழுத்தி ஏற்றவேண்டியிருந்தது. இதையெல்லாம் "மேலதிக வேலை" என்று ஒப்பந்தக்காரர் பட்டியல் அனுப்பினார். வேலைகளையும் விலைகளையும் குறித்த ஒப்பந்த அளவுப்பட்டியலில் நீர் இறைத்தல் என்று தனி உருப்படி இருக்கிறது, "வேலை முடியும்வரை, இரவு பகலாக" என்ற சொற்களோடு. அதற்கு விலையும் போட்டிருக்கிறார். மழை கடவுள் செயல் என்றார். மழை கடவுள் செயல்தான். பம்பை நிறுத்தியது யார் செயல்? மூன்று கூட்டம் இதிலேயே போனது. கடைசியில் இறைப்புச் செலவு முழுவதும் அவர் தலையில். கூழ் ஏற்றியதில் பாதி, 2.1 இலட்சம், நம் பங்கு. முழுவதையும் அவரிடம் அறவிட்டிருக்கவேண்டும் என்கிறவர்கள், அவர் சாமானை ஏற்றிக்கொண்டு போயிருந்தால் திறந்த குழியோடு ஆடி மாதத்தை எப்படிக் கடந்திருப்போம் என்பதையும் சொல்லவேண்டும். எஞ்சிய 60 மி.மீ. சாய்வு வீணாகவில்லை. தாழ்ந்த மூலையில் பம்பின் உறிஞ்சு குழாயை வைத்தோம். சேறு அங்கேதான் சேரும், அள்ளுவது சுலபம்.

இறைக்கும்போது மணலும் சேர்ந்து வந்ததால் பக்கத்து வளவுச் சுவர் வெடித்தது. 1.5 இலட்சத்தில் கட்டிக்கொடுத்தோம். வழக்கென்று போயிருந்தால் வேலை நின்றிருக்கும்.

மிகுதி 4 இலட்சம் பழைய குழாய்களுக்கு. மண்டபக் கூரைத் தண்ணீர் இவ்வளவு காலமும் கழிவுநீர் மேன்ஹோலுக்குள் போய்க்கொண்டிருந்திருக்கிறது. கொழும்பில் மழைநீரும் மலநீரும் வெவ்வேறு குழாய். மழையைக் கழிவுநீர்க் குழாயில் விட்டால் ஒழுங்கையில் யாரோ ஒருவர் வீட்டுக் கழிவறையில்தான் அது மேலெழும். 38 மீற்றருக்குப் புதிய 225 மி.மீ. குழாய் போட்டுப் பிரித்தோம். கோமுகி நீர் அதற்கு நேர்மாறு. பாலும் நெய்யும் எண்ணெயும் கலந்தது. தாங்கிக்குள் விட்டால் ஒரே வாரத்தில் நாறும். அது எண்ணெய்ப் பசையைப் பிடித்து வைக்கும் கொழுப்புப் பொறி வழியாகக் கழிவுநீர்க் குழாய்க்குப் போகிறது.

இன்டர்லொக் கல் பதித்தல், மின்சாரம், வாயிற்கதவு, பூச்சு: முடிந்தன.

காணி வாங்கவோ கட்டவோ இருக்கும் அங்கத்தவர்கள் பலர் அலுவலகத்தில் விசாரிப்பதால் ஒரு குறிப்பு. ஒரு பேர்ச்சை முழுதாக மூடினால் 100 மி.மீ. மழைக்கு 2,500 லீற்றர் தண்ணீருக்கு நீங்கள் பொறுப்பு. வீட்டு வரைபடம் கீறும்போதே அதற்கு இடம் ஒதுக்குங்கள்; பின்னர் தேடினால் கார் நிறுத்தும் இடம்தான் போகும். கால்வாய் ஒதுக்கத்தைத் தொட்ட காணியிலும் தாழ்நிலத்திலும் பேர்ச் விலை மலிவாக இருப்பதற்குக் காரணம் உண்டு: அனுமதியில்லாமல் மண் நிரப்ப முடியாது, ஒதுக்கத்தில் கட்ட முடியாது. கடற்கரையிலிருந்து 300 மீற்றருக்குள் என்றால் கடலோரப் பாதுகாப்பு அனுமதியும் வேண்டும். முற்பணம் கொடுக்குமுன் இவற்றைக் கேளுங்கள்.

உபயகாரர் பெயர்கள் யாவும் முன்மண்டபப் பளிங்குக் கல்லில் உள்ளன. பெயர் விடுபட்டதாக வந்த இரண்டு முறைப்பாடுகளும் திருத்தப்பட்டுவிட்டன. செட்டியார் தெரு நகைக்கடை அன்பர்கள், கம்பி முழுவதையும் கொள்முதல் விலைக்கே தந்த பழைய சோனகத் தெரு வன்பொருள் வியாபாரி, பம்பும் வலையும் உபயம் செய்த பாமன்கடைக் குடும்பம், ரொறன்ரோவிலிருந்தும் லண்டனிலிருந்தும் அனுப்பிய பழைய அயலவர்கள், வெள்ளிதோறும் மேசன்மாருக்குச் சாப்பாடு கொடுத்த மாதர் சங்கத்தார், பெயர் வேண்டாம் என்று உறையில் 50,000 வைத்துவிட்டுப் போன அன்பர் அனைவருக்கும் நன்றி.

பராமரிப்புக்கு வருவோம். வடிகால் பெட்டி ஒவ்வொன்றிலும் வெளிக்குழாய்க்குக் கீழே 300 மி.மீ. சேற்றுக் கிடங்கு உண்டு. மாதம் ஒருமுறையும் திருவிழா முடிந்த மறுநாளும் அள்ளவேண்டும். அடைப்பது மண்ணைவிட வில்வமும் வாழையிலைத் துண்டும் சிதறுதேங்காய்ச் சிரட்டையும்தான். சிதறுதேங்காய் இனி கல்தொட்டிக்குள் மட்டும். காற்றுக்குழாய் வலை கிழிந்தால் அன்றே மாற்றவேண்டும். 2007ஆம் ஆண்டு நுளம்புப் பெருக்கத் தடுப்புச் சட்டம் கோயிலென்று பார்க்காது. மாரியில் சேகரிப்பு நீரை அடிவரை இறைக்கவேண்டாம். அந்த எடையும் தாங்கி எழும்பாமலிருக்க உதவுகிறது. துளைத் தகட்டைக் கழற்றினால் தண்ணீர் விரைவாக வடியும் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்கவேண்டாம்.

வேலையில் குறை தெரிந்தால் என்று ஒப்பந்தக்காரருக்குக் கொடுக்காமல் பிடித்து வைத்த தக்கவைப்புத் தொகை 4.2 இலட்சம் இன்னும் நம்மிடமே. ஒக்டோபர், நவம்பர் மழை கழிந்து, தாங்கியை நிரப்பி ஒரு வாரம் மட்டம் பார்த்து, கசிவில்லை என்றால் விடுவிக்கப்படும். பற்றுச்சீட்டுகளும் வரைபடங்களும் ஞாயிறு காலைப் பூசைக்குப் பின் அலுவலகத்தில் பார்வைக்கு இருக்கும். வாட்ஸ்அப்பில் கேட்பவர்கள் அங்கே வந்து பார்க்கலாம்.

இங்ஙனம்,
திருப்பணிச் சபை