தழும்பை அளந்தது எதற்கு? உள்துறை அமைச்சருக்கு ஒரு திறந்த மடல்

பிரித்தானிய உள்துறை அமைச்சருக்கும் அரச வழக்குத் தொடுநர் பணியகத்துக்கும்,

வணக்கம்.

2025 மார்ச் 24 அன்று, உள்நாட்டுப் போரில் நடந்த மனித உரிமை மீறல்களுக்காக, புலிகளிடமிருந்து பிரிந்த முன்னாள் தளபதி கருணா அம்மான் மீதும் இலங்கையின் மூன்று முன்னாள் படைத் தளபதிகள் மீதும் பிரித்தானியா தடை விதித்தது. பயணத் தடை, சொத்து முடக்கம். சரி, நன்றி. ஆனால் இதே கருணா 2007-ல் லண்டனில் உங்கள் பிடியில்தானே இருந்தார்? வேறு பெயரிலான இராஜதந்திரக் கடவுச்சீட்டில் வந்ததற்கு 9 மாதச் சிறை கொடுத்தீர்கள். பெரிய குற்றச்சாட்டுகளுக்கு வழக்குப் போடப் போதிய சாட்சியம் இல்லை என்று 2008-ல் ஊருக்கு அனுப்பினீர்கள். அதே வருடம் அவர் பாராளுமன்றம் போனார், அடுத்த வருடம் அமைச்சரானார். உள்ளே இருந்தவரை அனுப்பிவிட்டு, 17 வருடம் கழித்து வாசலில் வந்து "வராதே" என்கிறீர்கள்.

சாட்சியத்தை எங்கே தேடினீர்கள்? தஞ்சம் கேட்டு வந்த எங்கள் சனத்தின் வாக்குமூலங்கள் உங்கள் அமைச்சிலேயே கோப்புக் கோப்பாகக் கிடக்கின்றன. யார் பிடித்தது, எந்த முகாம், எதனால் சூடு வைத்தது, எல்லாம் அதில் உண்டு.

நான் மொழிபெயர்ப்பாளர். ஒருமுறை ஒரு மருத்துவரின் அறையில் இருந்தேன். ஓர் இளைஞர் சேர்ட்டைக் கழற்றிவிட்டு முதுகைக் காட்டி நின்றார். டாக்டர் காகித அடிமட்டம் வைத்து ஒவ்வொரு தழும்பாக அளந்து, மில்லிமீட்டரில் சொல்லிச் சொல்லி எழுதினார். இளைஞர் திரும்பாமலே என்னிடம் கேட்டார்: "அண்ணை, இவ்வளவு அளவு எடுக்கினமே, அவங்களைப் பிடிக்கிறதுக்கோ?" டாக்டரிடம் கேட்டுச் சொன்னேன்: "இல்லை தம்பி, உங்கட கேசுக்கு." "ஓ" என்றார். சேர்ட்டைப் போட்டுக்கொண்டார்.

அந்த அளவும் சில வேளை போதாது. முதுகிலும் கையிலும் சூட்டுத் தழும்போடு 2011-ல் வந்த ஒரு தமிழரின் வழக்கு உங்களுக்கு நினைவிருக்கும். தஞ்சம் பெறுவதற்காக அவரே ஆள் வைத்துச் சூடு வைத்துக்கொண்டார் என்று தீர்ப்பாயம் சொன்னது. அப்படிச் செய்துகொள்வது மிக அரிது, அதற்கு உரிய மதிப்புக் கொடுங்கள் என்று உச்ச நீதிமன்றம் சொல்ல 2019 ஆகிவிட்டது. அதுவும் மறுபடி விசாரியுங்கள் என்றுதான். சூடு வைத்தவன் யார் என்ற கேள்வி இத்தனை படி ஏறியும் எழவேயில்லை.

மறுபக்கம், போர்க்குற்றம் செய்திருக்கலாம் என்று ஒருவரைச் சந்தேகித்தால் 1951 அகதிகள் உடன்படிக்கையின் 1F பிரிவைக் காட்டித் தஞ்சத்தை மறுக்கிறீர்கள். அதற்குப் பிறகு? பல வேளைகளில் வழக்கும் இல்லை. திருப்பி அனுப்பினால் சித்திரவதை என்றால் அனுப்பவும் முடியாது. பாதிக்கப்பட்டவர் பொய்யர், சந்தேகத்துக்குரியவர் வெறும் விசாச் சிக்கல். நல்ல ஏற்பாடு!

மன்னிக்கவும், கோபம் முந்திவிட்டது.

சட்டம் இல்லை என்று சொல்ல முடியாது. அரச அதிகாரி உலகில் எங்கே சித்திரவதை செய்திருந்தாலும் இங்கே விசாரிக்க 1988-ம் ஆண்டுச் சட்டம் இடம் தருகிறது. தஞ்சம் கேட்டு வந்த ஆப்கான் தளபதி சர்தாத்துக்கு 2005-ல் இங்கேதான் 20 வருடம் கொடுத்தீர்கள். ஜெர்மனியின் கோப்லென்ஸ் நீதிமன்றம் 2022 ஜனவரியில் சிரிய உளவு அதிகாரி அன்வர் ரஸ்லானுக்கு ஆயுள் தண்டனை விதித்தது, அகதிகளாக வந்த சிரியர்களின் சாட்சியத்தை வைத்து.

ஆகவே கேட்பது ஒன்றுதான். தஞ்ச அனுமதி கிடைத்த ஒவ்வொருவரிடமும் கேளுங்கள்: "நீங்கள் சொன்னதை பொலிசின் போர்க்குற்றப் பிரிவுக்குக் கொடுக்கச் சம்மதமா?" அனுமதிக்குப் பிறகு கேளுங்கள், முன்பு வேண்டாம். பக்கத்தில் ஒரு லோயர் இருக்கட்டும். ரஸ்லானோடு விசாரிக்கப்பட்ட இன்னொருவர் மாட்டியது தஞ்ச நேர்காணலில் தானே சொன்னதால்தான். அது நியாயம்தான், ஆனால் அந்தக் கதையைக் கேட்டால் ஒரு பாவமும் அறியாத சாட்சியும் வாயை மூடிக்கொள்வார். வேண்டாம் என்பவரை விட்டுவிடுங்கள். ஓம் என்பவரின் கோப்பை மட்டும் அடுத்த கட்டடத்துக்கு அனுப்புங்கள்.

தயவுசெய்து அந்த ஒரு கேள்வியைப் படிவத்தில் சேர்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன். தமிழில் வேண்டுமென்றால் நானே எழுதித் தருகிறேன். காசு வேண்டாம்.

இப்படிக்கு,
ஒரு தமிழ் மொழிபெயர்ப்பாளர்
லண்டன்