கம்ப்ரஷன் எண்ணை மட்டும் எழுதி விமானத்தை விற்காதீர்கள்

பழைய இலகுரக விமானங்களை விற்கும் உரிமையாளர்களுக்கும் தரகர்களுக்கும், வாங்கும் முன் அவற்றைப் பரிசோதித்துக் கையெழுத்துப் போடும் மெக்கானிக்குகளுக்கும்,

வணக்கம். "கம்ப்ரஷன் எல்லாம் 70-க்கு மேல், எஞ்சின் அருமை" என்று நீங்கள் எழுதும் ஒற்றை வரியைப் பற்றித்தான் இந்த மடல். அதை நம்பி ஒருவர் தன் சேமிப்பையெல்லாம் கொடுக்கிறார், அப்புறம் அதே எஞ்சினை நம்பிக் குடும்பத்தோடு பறக்கிறார். அவருக்கு அந்த எண் மட்டும் போதாது.

கம்ப்ரஷன் சோதனை என்பது சிலிண்டர் காற்றை எவ்வளவு பிடித்து வைக்கிறது என்று பார்ப்பது. பிஸ்டன் காற்றை அழுத்தி முடிக்கும் உச்சியில் அதை நிறுத்தி, 80 பி.எஸ்.ஐ. (அழுத்த அலகு) காற்றை ஒரு சின்னத் துளை வழியாகச் சிலிண்டருக்குள் செலுத்தி, உள்ளே எவ்வளவு நிற்கிறது என்று இரண்டாவது கேஜில் பார்க்கிறோம். 80-க்கு 72 என்றால் மீதி எங்கேயோ கசிகிறது என்று அர்த்தம், அவ்வளவுதான். எஞ்சின் சூடாக இருந்ததா, பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங்குகளின் (வளையங்களின்) இடைவெளிகள் அந்த நேரம் ஒரே நேரில் வந்து நின்றனவா, ப்ரொப்பெல்லரை லேசாக அசைத்து ரிங்குகளை உட்காரவைத்தார்களா என்பதைப் பொறுத்து அதே சிலிண்டர் வேறு எண்ணையும் காட்டும். (80 பி.எஸ்.ஐ. ப்ரொப்பெல்லரைச் சுழற்றி ஆளை அடித்துவிடும். அதை இறுக்கிப் பிடிக்க ஓர் ஆள் இல்லாமல் தயவுசெய்து இந்தச் சோதனையைத் தொடங்காதீர்கள்.)

ஆகவே எனக்கு எண்ணைவிட முக்கியம், காற்று எந்த வழியாகப் போகிறது என்பது. ஆயில் ஊற்றும் வாயில் சத்தம் கேட்டால் ரிங், காற்று உள்ளே வரும் பக்கம் கேட்டால் இன்டேக் வால்வு, புகை வெளியேறும் எக்ஸாஸ்ட் குழாயில் கேட்டால் எக்ஸாஸ்ட் வால்வு. ரிங் வழியாகக் கசிந்து 62 காட்டும் சிலிண்டர், ஆயில் செலவும் கட்டுக்குள் இருந்தால், பல மணி நேரம் ஒழுங்காக ஓடும். எக்ஸாஸ்ட் வால்வு வழியாகக் கசிந்து அதே 62 காட்டினால் வால்வு எரிய ஆரம்பித்திருக்கலாம், அது பறக்கும்போதே உடையக்கூடிய பொருள். இரண்டையும் ஒரே மாதிரி "62" என்று எழுதிவிட்டுப் போவது நியாயமே இல்லை.

எஞ்சின் தயாரிப்பாளர்களும் ஒரே கோட்டைப் போடவில்லை. லைகாமிங் 65-க்குக் கீழே வந்தால் தேய்மானம் என்கிறது, 60-க்குக் கீழே போனால் சிலிண்டரைக் கழற்றுவதை யோசிக்கச் சொல்கிறது. கான்டினென்டல் 2003-இல் வெளியிட்ட அறிவுறுத்தலில், அளவுத்துளைக் கருவியை (தெரிந்த அளவு காற்றைக் கசியவிடும் துளையுள்ள கருவி) வைத்து அன்றைய எல்லையை அந்த கேஜிலேயே கண்டுபிடிக்கச் சொல்கிறது. அது பல நேரம் நாற்பதுகளில் வரும். கூடவே போர்ஸ்கோப் (சிலிண்டருக்குள் விட்டுப் பார்க்கும் மெல்லிய கேமரா) விட்டுப் பார்க்கவும் சொல்கிறது. இது தெரியாமல் 58-ஐப் பார்த்துப் பதறி நல்ல எஞ்சினை ஒதுக்குகிறவர்களும் இருக்கிறார்கள், உடனே சிலிண்டரைக் கழற்றச் சொல்லும் மெக்கானிக்குகளும் இருக்கிறார்கள். கழற்றி மாட்டுவதிலும் ஆபத்து உண்டு, எஞ்சின் உடலையும் சிலிண்டர்களையும் சேர்த்துப் பிடிக்கும் த்ரூ போல்ட்டுகளைச் சரியான அளவில் முறுக்காவிட்டால், கிராங்க் ஷாஃப்ட்டைத் தாங்கும் மெயின் பேரிங் வரை பிரச்சினை போகும். ரொம்ப நாள் நின்ற விமானம் என்றால் முதலில் பறக்கவிட்டு, சூட்டோடு மறுபடி சோதியுங்கள்.

நல்ல எண் வந்தாலும் வேலை முடியவில்லை. 74 காட்டும் சிலிண்டரிலும் எக்ஸாஸ்ட் வால்வின் முகத்தில் ஒரு பக்கம் மட்டும் நிறம் மாறியிருக்கலாம், அது போர்ஸ்கோப்பில்தான் தெரியும். லைகாமிங்கில் வால்வுகளை இயக்கும் கேம்ஷாஃப்ட் எஞ்சினின் மேல்பக்கம் இருக்கிறது, ஓடாமல் நின்றால் ஆயில் வடிந்து துருப்பிடிக்கும். கம்ப்ரஷன் சோதனை அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாது. ஆயில் ஃபில்டரை வெட்டி உலோகத் துகள் இருக்கிறதா என்று பார்த்தால்தான் ஏதாவது தெரியும்.

உங்களிடம் கேட்பது பெரிய வேலை இல்லை. ஒவ்வொரு சிலிண்டருக்கும் எண்ணோடு கசிவு எங்கே கேட்டது, எஞ்சின் சூடா குளிரா, கான்டினென்டல் என்றால் அன்றைய எல்லை எவ்வளவு என்று எழுதுங்கள். எக்ஸாஸ்ட் வால்வுகளின் படங்களைச் சேருங்கள். முந்தைய ஆண்டுச் சோதனைகளின் எண்கள் லாக்புக்கில் (பராமரிப்புப் பதிவேட்டில்) இருக்கும், அந்தப் பக்கங்களையும் கொடுங்கள், ஏனென்றால் 76-லிருந்து 66-க்கு ஒரே வருடத்தில் இறங்கிய சிலிண்டரும் பல வருடமாக 66-லேயே நிற்கும் சிலிண்டரும் ஒன்றல்ல. வாங்குபவர் சோதனையின்போது பக்கத்தில் நின்று காது கொடுத்துக் கேட்க விரும்பினால், ப்ரொப்பெல்லர் சுழலும் வட்டத்துக்கு வெளியே அவருக்கு இடம் கொடுங்கள்.