பாப்பாவோட கணக்கு விஷயமா ஒரு கடிதம்

ஏய் வாலு,

பார்சல் வந்துடுச்சு. முறுக்கு பாதி பொடியாத்தான் வந்துது, ஆனா அதிரசம் ஒண்ணுகூட உடையல, பாப்பா டப்பாவத் தொறந்து மோந்து பாத்துட்டு "இது பெரியம்மா கைதான்"னு சொல்லிட்டா. இவருக்கு ஷுகர் ஏறிக் கெடக்கு, அதனால அவர் கண்ணுல படாம மேல் ஷெல்ஃப்ல வெச்சிருக்கேன். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுதுன்னு நெட்டை சொல்லித்தான் எனக்குத் தெரியும், நீ ஒரு வார்த்த சொல்லலடி, அந்தச் சண்டைய ஊருக்கு வரும்போது போட்டுக்கறேன். சொட்டு மருந்த மட்டும் வேளாவேளைக்கு விடச் சொல்லு, அம்மா மறந்துட்டு சீரியல் பாக்க உக்காந்துடுவாங்க.

போன்ல பேசலாம்னுதான் பாத்தேன், ஆனா நான் பேசற நேரத்துல பாப்பா பக்கத்துலயே சுத்திட்டு இருக்கா, அவளப் பத்தி அவ காதுபடப் பேசறது எனக்குப் புடிக்கல. அதனாலதான் எல்லாரும் தூங்கினதும் உக்காந்து இவ்ளோ டைப் பண்றேன், பொறுமையா படி.

அவ இப்ப பதினொண்ணாவது. கணக்குல ப்ரீகால்குலஸ் ஹானர்ஸ்ல இருக்கா. இங்க அமெரிக்காவுல நம்மூர் மாதிரி வகுப்புக்கு ஒரு கணக்குப் புஸ்தகம் கிடையாது, அல்ஜிப்ரா ஒண்ணு, ஜியாமெட்ரி, அல்ஜிப்ரா ரெண்டு, ப்ரீகால்குலஸ், அப்புறம் கால்குலஸ், இப்படி ஒண்ணு முடிச்சாத்தான் இன்னொண்ணு. ஹானர்ஸ் வேணாம்னா அதே பாடத்துக்கு சாதா க்ளாஸ் தனியா நடக்குது. ஹானர்ஸ்ல வேகம் ஜாஸ்தி, டெஸ்ட்ல வளைச்சு வளைச்சுக் கேப்பாங்க, அவ்ளோதான் வித்தியாசம். க்ளாஸ் மாறணும்னா வர்ற செவ்வாக்கிழமைக்குள்ள ஒரு ஃபார்ம்ல டீச்சர், கவுன்சிலர், அப்பா அம்மா, பொண்ணு எல்லாரும் கையெழுத்து போட்டுக் குடுக்கணும், அதுக்கப்புறம் மாறினா சர்ட்டிஃபிகேட்ல அதுவும் சேந்து வரும்னு சொல்றாங்க. எனக்கு அவ மாறணும். இவருக்கு மாறக்கூடாது. அவ ரெண்டுக்கும் வாயே தொறக்க மாட்டேங்கறா.

போன டெஸ்ட் பேப்பர நான் பாத்தேன். ஒரே ஒரு கணக்க மட்டும் சொல்றேன், உனக்குப் புரிஞ்சுடும். 2 சைன் ஸ்கொயர் எக்ஸ் மைனஸ் சைன் எக்ஸ் மைனஸ் 1 = 0, ஒரு முழு வட்டத்துக்குள்ள வர்ற எல்லா விடையும் வேணும். நீ தூக்கத்துல போடற கணக்கு. இவ சைன ஒரு எழுத்தா வெச்சு அழகா ஃபேக்டர் பண்ணி, ஒண்ணு இல்லன்னா மைனஸ் அரைன்னு சரியா கொண்டாந்துட்டா. ஒண்ணுக்கு 90 டிகிரின்னு போட்டுட்டா (ரேடியன்லதான் எழுதணும், நான் உனக்கு டிகிரில சொல்றேன்). மைனஸ் அரைக்கு மைனஸ் 30ன்னு எழுதிட்டு அங்கேயே நின்னுட்டா. 210ம் இல்ல, 330ம் இல்ல. ஓரத்துல ஒரு வட்டம் வரைஞ்சு அழிச்சு, மறுபடி வரைஞ்சு அழிச்சு, அந்த எடத்துல பேப்பர் தேஞ்சு பின்பக்கத்து எழுத்து தெரியுதுடி. அதப் பாத்ததும் எனக்கு நெஞ்சு அடைச்சுடுச்சு.

சனிக்கிழம காலைல அதே கணக்க வேற பேப்பர்ல எழுதி அவ முன்னாடி வெச்சேன். கடிகாரம் கிடையாது, தோசைய சாப்ட்டுக்கிட்டே போடுன்னு சொன்னேன். நான் வாயே தொறக்கல. அவளே வட்டம் போட்டா, சைன் நெகடிவ்னா மூணாவது, நாலாவது கால்வட்டம்னு தனக்குத்தானே முனகிட்டு ரெண்டு விடையையும் எழுதிட்டா. இது தெரியாத பொண்ணு இல்லடி. டெஸ்ட்ல அந்த வட்டத்துக்கிட்ட வரும்போது மணி ஆகுதேன்னு கை நடுங்குது. அது சரியாப் பதியறதுக்குள்ள டீச்சர் அடுத்த பாடம், ட்ரிக் ஐடென்டிட்டிஸ்க்குப் போயாச்சு, பாதி புரிஞ்சது மேல இன்னொரு பாதி புரிஞ்சத அடுக்கிட்டே போறாங்க. டீச்சர் மேல தப்பு சொல்ல மாட்டேன், அந்த க்ளாஸோட வேகமே அதுதான்.

நான் அவளுக்கு நம்ம "ஆல் சில்வர் டீ கப்ஸ்" சொல்லிக் குடுத்திருந்தேன். இங்க ஸ்கூல்ல அதுக்கு என்ன சொல்லித் தர்றாங்க தெரியுமா, "ஆல் ஸ்டூடண்ட்ஸ் டேக் கால்குலஸ்". எந்த கால்வட்டத்துல எது பாசிட்டிவ்னு ஞாபகம் வெச்சுக்கற வாக்கியத்துலகூட அடுத்த க்ளாஸுக்கு ஓடு ஓடுன்னு தொரத்தறாங்க. எனக்கு அதக் கேட்டதும் கோவம் கோவமா வந்துது.

இதெல்லாத்தையும் விட என்னை ஆட்டி வெச்சது வேற. அன்னிக்கு ராத்திரி லைட்ட அணைக்கப் போனேன், "நான் மேத் பர்சன் இல்லம்மா"ன்னு செவத்தப் பாத்துப் படுத்துக்கிட்டே சொன்னா. அழுகை இல்ல, கோவம் இல்ல, ஏதோ ரத்த குரூப்பு சொல்ற மாதிரி சொன்னா. பாட்டி வீட்டு வாசல்ல உக்காந்து பதினஞ்சு புள்ளி, ஊடுபுள்ளி, எட்டுல நிறுத்துன்னா மொத்தம் எத்தன புள்ளி வரும்னு கோலம் போடறதுக்கு முன்னாடியே கூட்டிச் சொன்ன கொழந்த அது, நீயும்தான் பக்கத்துல இருந்த.

இன்னொண்ணு சொல்றேன் கேளு. அவளுக்கு இப்ப கடல் பைத்தியம் புடிச்சிருக்கு. மரைன் பயாலஜி படிக்கணுமாம். சான் பிரான்சிஸ்கோவுக்குத் தெக்க மாஸ் பீச்சுன்னு ஒரு எடம், அங்க ஃபிட்ஸ்ஜெரால்ட் ரிசர்வ்னு பாதுகாத்து வெச்சிருக்கற கரை, தண்ணி நல்லா உள்வாங்கினா பாற இடுக்குல நட்சத்திர மீனு, கடல் அனிமோன், சின்னச் சின்ன நண்டு எல்லாம் தெரியும். தண்ணி எப்ப வத்தும்னு தெரிஞ்சுட்டுப் போகணும். அதனால டைட் டேபிள்னு ஒண்ணு பாக்கறா, எந்த மணிக்கு எத்தன அடின்னு. அதுல மைனஸ் நம்பரும் வரும், சராசரி வத்தத்துக்கும் கீழ தண்ணி எறங்கற நாள் அது, அன்னிக்குத்தான் இவளுக்குக் கொண்டாட்டம். இந்தக் கரைல ஒரு நாளைக்கு ரெண்டு ஏத்தம் ரெண்டு வத்தம், ஆனா ரெண்டும் ஒரே அளவு இருக்காது. ஒரு ஏத்தத்துலேருந்து அடுத்த ஏத்தத்துக்கு சுமார் பன்னெண்டு மணி இருபத்தஞ்சு நிமிஷம், அதனாலதான் தெனமும் கிட்டத்தட்ட அம்பது நிமிஷம் தள்ளித் தள்ளிப் போகுதுன்னு அவ எனக்கு வெளக்கினா. ஒரு வாரத்து நம்பர நோட்டுல புள்ளி வெச்சு வளைவா இழுத்திருக்கா, ஆம்ப்ளிட்யூட், அதான் அலையோட உயரம், மாறுது பாரும்மான்னு காட்டறா. க்ளாஸ்ல ஆம்ப்ளிட்யூட், பீரியட்னு கேள்வி வந்தா வெளவெளத்துப் போற அதே பொண்ணு! 1870கள்ல கெல்வின் பிரபு சக்கரமும் கப்பியும் வெச்சு இந்த மாதிரி அலைகள ஒண்ணு மேல ஒண்ணு கூட்டி டைட் கணிக்கிற மெஷினே செஞ்சிருக்கார்னு நான் படிச்சதச் சொன்னேன், கண்ணு விரிஞ்சு போச்சு, படம் இருக்கான்னு தேடிட்டு உக்காந்துட்டா. மரைன் பயாலஜிக்கும் காலேஜ்ல கால்குலஸ் வேணும். அதனாலதான் சொல்றேன், இந்த ட்ரிக்னாமெட்ரி அவளுக்கு ஆற அமர உள்ள எறங்கணும். சாதா க்ளாஸ்ல இத ரெண்டு மடங்கு நேரம் எடுத்து நடத்தறாங்க, நெஜமான டேட்டாவ வெச்சு ஒரு ப்ராஜெக்டும் உண்டாம்.

இப்ப இவர் பக்கம் என்னன்னு கேளு. அவர் கெட்டவர் இல்ல, உனக்கே தெரியும், பயந்துட்டு இருக்கார். இங்க கலிஃபோர்னியா யூனிவர்சிட்டில எஸ்ஏடிங்கற அட்மிஷன் பரீட்சை மார்க்கப் பாக்கறதே இல்லன்னு 2021லயே ஆகிப்போச்சு, அதனால ஸ்கூல் மார்க்கும் எந்த க்ளாஸ் எடுத்தாங்கறதும்தான் பேசும், அதுலயும் பத்தாவது பதினொண்ணாவது மார்க்கத்தான் கணக்குப் பண்றாங்க. "இந்த வருஷம் போய் எறங்கணுமா, ஹானர்ஸ விட்டா கால்குலஸ் பிசி போச்சு, பிசி போனா நல்ல காலேஜ் போச்சு"ன்னு ஆரம்பிச்சா நிறுத்தமாட்டார். ஸ்கூல்ல கால்குலஸ் ரெண்டு விதம், ஏபி, பிசின்னு, பிசில பாடம் ஜாஸ்தி. அபார்ட்மென்ட் வாட்ஸாப் குரூப்புல எவன் பையன் எந்த க்ளாஸ்ல இருக்கான்னு அவருக்கு அத்துப்படி.

நான் கவுன்சிலர்கிட்ட நேர்ல போய் உக்காந்து கேட்டேன். யூனிவர்சிட்டில ஏ கிரேடுக்கு நாலு பாயின்ட், பி-க்கு மூணு, சி-க்கு ரெண்டு. ஹானர்ஸ்னா சி வரைக்கும் ஒண்ணு கூடப் போடுவாங்க. அப்ப ஹானர்ஸ்ல சி வாங்கினாலும் மூணு, சாதால பி வாங்கினாலும் மூணு. சாதால ஏ வாங்கினா நாலு. ஹானர்ஸ்ல டி-க்கு எறங்கிட்டா கூடுதலும் கிடையாது, அந்தப் பாடத்த அவங்க எடுத்துக்கவே மாட்டாங்க. பாப்பா இப்ப சி-க்கும் டி-க்கும் நடுவுல தொங்கறா. கணக்கு மூணு வருஷம் கட்டாயம், நாலு இருந்தா நல்லதுங்கறாங்க, மூணு அவ ஏற்கனவே முடிச்சாச்சு. சாதா ப்ரீகால்குலஸ் முடிச்சாலும் இவங்க ஸ்கூல்ல பன்னெண்டாவதுல கால்குலஸ் ஏபி எடுக்கலாம், பிசில கூட வர்ற சீரிஸ், போலார் எல்லாம் காலேஜ்ல போய்ப் படிச்சுக்கலாம். ரொம்ப ஆசப்பட்டா கம்யூனிட்டி காலேஜ்ல சம்மர்ல ஒரு கோர்ஸ் எடுக்கலாம், ஒரு செமஸ்டர் காலேஜ் கோர்ஸ ஒரு வருஷ ஸ்கூல் பாடமா எடுத்துக்கறாங்க. ஒரு கதவும் மூடல. இதெல்லாம் பேப்பர்ல எழுதி இவர்கிட்ட காட்டினேன், ரொம்ப நேரம் பாத்துட்டு இருந்தார், "அவ சரின்னா சரி"ன்னார். அவர்கிட்டேருந்து அவ்ளோ வந்ததே பெருசு.

ஆனா அவ சரின்னு சொல்லலயே. அவ ஃப்ரெண்ட்ஸ் அத்தன பேரும் ஹானர்ஸ்ல. மத்தியானம் டிபன் பாக்ஸத் தொறந்தா இதே பேச்சு. மாறினா நாளைலேருந்து அந்த டேபிள்ல தனக்கு எடமில்லன்னு நெனைக்கறா, அத வாய் விட்டு சொல்லல, எனக்குத் தெரியாதா. பதினாறு வயசுல அது உசுர் போற விஷயம்டி. நான் எவ்ளோ சொன்னாலும் அம்மா சமாதானம் சொல்றான்னுதான் எடுத்துக்குவா.

அதனாலதான் உன்கிட்ட வர்றேன். பிளஸ் ஒன் அரைப்பரீட்சைக்கு அப்புறம் உன்ன ஏ செக்‌ஷன்லேருந்து பி-க்கு அனுப்பினாங்களே. பென்ச்ச விட்டு எழுந்து, பைய எடுத்துட்டு, அத்தன பேரு பாக்க நீ நடந்து போனது எனக்கு இன்னும் கண்ணுக்குள்ள நிக்குது, ஒத்த ஜடை சிரிச்சதும் ஞாபகம் இருக்கு, அவள நான் இன்னிக்கு வரைக்கும் மன்னிக்கல. ஒரு வாரம் நீ என்கூடப் பேசல. அப்புறம் அங்க தாத்தா சார் ஒவ்வொரு கணக்கையும் போர்டுல மூணு விதமா போட்டுக் காமிச்சார், நீ பெல் அடிச்சப்புறமும் சாக்பீஸ கீழ வெக்காம நின்னுட்டு இருப்ப, நான் பஸ்ஸுக்கு லேட்டாகுதுன்னு வாசல்லேருந்து கத்துவேன். இன்னிக்கு உன்கிட்ட பிளஸ் டூ கணக்கு படிக்க எத்தன பசங்க வந்து நிக்கறாங்க. இதுல ஒரு வார்த்தையும் நான் பாப்பாகிட்ட சொல்லல. சொல்றதுக்கு எனக்கு உரிமை இல்ல, அது உன்னோடது, அந்த ஒரு வாரம் எப்படி இருந்துதுன்னு உனக்குத்தான் தெரியும். நீ சொன்னா அவ கேப்பா. உன்கிட்ட அவளுக்கு வெக்கமும் கெடையாது.

உனக்கு அதத் திரும்பப் பேச மனசு ஒப்பலன்னா வேணாம், எனக்குப் புரியும், அப்ப கணக்கப் பத்தி மட்டும் பேசு. மாறித்தான் ஆகணும்னும் சொல்லாத. அவ டைட் நோட்ட கேமரால காட்டச் சொல்லு, உனக்கு ஏத்த வத்தம் ஒண்ணும் தெரியாதுல்ல, அவ சொல்லித்தரட்டும், நீ உன் பாணில கேள்வி கேளு. அதுக்கப்புறம் அவ என்ன முடிவு எடுத்தாலும் நான் கையெழுத்து போடுவேன். ஹானர்ஸ்லயே இருக்கேன்னு சொன்னா வாரத்துல ரெண்டு நாள் ராத்திரி அவகூட உக்காந்து வட்டம் வரையறேன், கிச்சன் வேலைய இவர் பாத்துக்கட்டும்.

எங்களுக்கு வெள்ளிக்கிழம ராத்திரி எட்டு மணி, உனக்கு சனிக்கிழம காலைல எட்டரை. ஸ்பெஷல் க்ளாஸ் இருந்தா முன்னாடியே சொல்லிடு, ஞாயித்துக்கிழமைக்கு மாத்திக்கலாம், திங்களுக்குத் தள்ள முடியாது. நான் பேசச் சொன்னேன்னு காட்டிக்காத, அதிரசம் வந்துச்சான்னு கேக்கற மாதிரி அவ நம்பருக்கே கூப்பிடு.

தாத்தா சார் பென்ஷன் கேஸ் என்னாச்சு? அவர் வீட்டு நம்பர் மாறிடுச்சாம், புதுசு இருந்தா அனுப்பு. அம்மாவுக்கு நான் விசாரிச்சேன்னு சொல்லு.

உன்
கத்தி