தாமதமாக வந்தது நாங்களா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு மருத்துவப் பக்கத்தில் மூளைக்கட்டி ஸ்கேன் பற்றிய கட்டுரை படித்தேன். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, "விழிப்புணர்வு இல்லாத கடலோர மக்கள் முற்றிய பிறகே வருகிறார்கள்" என்ற வரி வரும்வரை. எழுதியவருக்கு எங்கள் கரை எந்தத் திசை என்று தெரியுமோ என்னவோ, தங்களுக்குத் தெரியாதா?

2023 ஜூனில் தடைக்காலம் முடிந்து தொழிலுக்குப் போன முதல் வாரமே என் தம்பிக்குப் படகில் வலிப்பு வந்தது. கையில் சாவியைத் திணித்துக் கரை சேர்த்தார்கள். மூன்றாம் நாள் எம்ஆர்ஐ எடுத்துவிட்டோம். மருந்து ஏற்றியும் கட்டி வெளிச்சம் காட்டவில்லை, வீரியம் குறைந்ததாக இருக்கலாம், ஆறு மாதம் கழித்துப் பார்க்கலாம் என்றார்கள். நம்பினோம். ஓரியூர் அருளானந்தர் கோயிலுக்கு நேர்ந்தும் வைத்தோம்.

அடுத்த வலிப்புக்கு மதுரைக்கு ஓடினோம். எங்கே ஓட? ரயில் மண்டபத்தோடு நின்றுவிட்ட காலம். 2022 டிசம்பரில் நின்றது, 2025 ஏப்ரலில்தான் பாம்பன் பாலம் ஏறியது. அது பற்றி நான் எழுதிய கடிதம் உங்கள் குப்பைக்கூடையில் இருக்கும். இலங்கைக் கடற்படை பிடித்துக்கொண்டு போனால் மட்டும் எங்களுக்கு முதல் பக்கம்.

மதுரை டாக்டர் பிலிமைப் பார்த்ததும் கேட்டது, "பெர்ஃபியூஷன் எங்கே, ஸ்பெக்ட்ராஸ்கோபி எங்கே?" வெளிச்சம் காட்டாத கட்டியும் வீரியமாக இருக்குமாம். எம்ஆர்ஐயிலேயே பெர்ஃபியூஷன் எடுத்துக் கட்டிக்குள் ரத்தம் எவ்வளவு பாய்கிறது, ஸ்பெக்ட்ராஸ்கோபி எடுத்துக் கோலின் என்ற ரசாயனம் ஏறி என்ஏஏ என்ற ரசாயனம் இறங்கியிருக்கிறதா என்று பார்த்தால் ஓரளவு பிடிபடுமாம். மறுபடி எடுத்தோம், மறுபடி பணம். ரத்தம் அதிகம் பாய்ந்த இடத்தைக் குறிவைத்தே சதை எடுத்துச் சோதித்தார்கள். கிரேடு 3, வீரியம் கூடிய ரகம்.

இனி ஸ்கேனே கட்டியின் கிரேடைச் சொல்லிவிடும் என்று கட்டுரையாளர் அடித்துச் சொல்வதும் சரியில்லை. ஒலிகோ என்று ஒருவகை மூளைக்கட்டி, அதில் வீரியம் குறைந்தவை சிலவற்றிலும் ரத்தம் கூடுதலாகத் தெரியுமாம். 2021 உலக சுகாதார நிறுவன வகைப்பாட்டின்படி கட்டியில் ஐடிஎச் என்ற மரபணு மாறியிருக்கிறதா என்றும் சோதிக்கிறார்கள். ஒன்பதாவதோடு நின்ற நான் சொல்கிறேன். விழிப்புணர்வு இல்லாதவள்!

அந்த வரியைத் திருத்துவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை. மருத்துவப் பக்கத்து ஓரத்தில் நாலு வரி போடுங்கள், போதும்: மூளைக்கட்டிக்கு எம்ஆர்ஐ எழுதிக்கொடுத்தால், பெர்ஃபியூஷனும் ஸ்பெக்ட்ராஸ்கோபியும் சேர்த்து எடுக்க வேண்டுமா என்று டாக்டரிடம் முதலிலேயே கேளுங்கள், பிலிமோடு ஸ்கேன் படங்கள் பதிந்த சிடி தட்டையும் கேட்டு வாங்குங்கள். நகைக்கடை விளம்பரத்துக்குக் கீழே இருந்தாலும் பரவாயில்லை. தம்பி இப்போது கரையில் உட்கார்ந்து வலை பின்னுகிறான், பேப்பர் அவன்தான் முதலில் பிரிப்பான்.

இப்படிக்கு,
இருபது வருட வாசகி,
பாம்பன்.