தோஹாவில் நம்ம ஃபைனல்

சத்துவாச்சாரி, வேலூர்
30-10-2016

டேய் சலீமு,

நேற்று தீபாவளி. உனக்கென்று அம்மா எடுத்து வைத்த அதிரசத்தை நானே தின்றுவிட்டேன், கோபித்துக்கொள்ளாதே. போன வாரம் மேல்விஷாரத்தில் உன் அத்தாவைப் பார்த்தேன். முட்டி வலியாம், ஆனாலும் பைக்கை விடமாட்டேன் என்கிறார். ஊர்ச் சேதி இவ்வளவுதான்.

இப்போ விஷயம். நவம்பர் 5, சனிக்கிழமை. என்ன டியூட்டி இருந்தாலும் மாற்றிக்கொள். ஆசியக் கால்பந்து கிளப்புகளுக்கான ஏஎஃப்சி கோப்பை ஃபைனல், நம்ம பெங்களூர் எஃப்சி, அதுவும் நீ இருக்கிற தோஹாவில்! நம்ம நாட்டு கிளப்புகளில் 2008-ல் டெம்போ, 2013-ல் ஈஸ்ட் பெங்கால், ரெண்டுமே அரையிறுதியோடு மூட்டை கட்டின. 2013-ல் பிறந்த கிளப் இன்று ஃபைனலில் நிற்கிறது. இன்னும் மான்செஸ்டர் யுனைடெட் பனியனையே போட்டுக்கொண்டு திரிகிறாய் நீ.

"பெங்களூர் டீம் உனக்கு இன்னாடா உறவு?" என்று கேட்பாய். இங்கே எல்லோரும் அதைத்தான் கேட்டார்கள், அதுவும் செப்டம்பரில். 12-ம் தேதி காவிரிக் கலவரத்தில் அங்கே தமிழ்நாட்டு பஸ்கள் எரிந்தன. 14-ம் தேதி அங்கேயே கண்டீரவா ஸ்டேடியத்தில் சிங்கப்பூரின் டாம்பைன்ஸ் ரோவர்ஸோடு காலிறுதி. நம்ம பஸ் ஓசூரோடு நின்றது. பெங்களூர் ஆஸ்டின் டவுன் சித்தப்பா போன் பண்ணி, "வராதடா, வந்தாலும் தமிழ் பேசாத" என்றார். தமிழர்கள் நிறைந்த ஆஸ்டின் டவுனில் தமிழ் பேசாதே என்றால் பந்தைக் காலால் தொடாதே என்கிற மாதிரி. அன்றைக்கு வீட்டில் உட்கார்ந்து ஸ்கோர் மட்டும் பார்த்தேன். 1-0. ஜெயித்ததில் சந்தோஷப்படுவதா வேண்டாமா என்று தெரியாமல் அன்று சோறு இறங்கவில்லை.

அரையிறுதிக்கு விடுவேனா? அக்டோபர் 17, 18 ரெண்டு நாளும் இங்கே ரயில் மறியல். 19 காலை காட்பாடியில் பிருந்தாவன் எக்ஸ்பிரஸ் வந்து நிற்கும்வரை வயிற்றைக் கலக்கியது. எதிரில் மலேசியாவின் ஜோகூர், போன வருஷச் சாம்பியன். முதலில் அவர்கள்தான் கோல் போட்டார்கள். அப்புறம் நம்ம சேத்ரி ஒன்று, சேத்ரி இன்னொன்று, நம்ம டிஃபெண்டர் ஹுவானன் தலையால் ஒன்று. 3-1. பக்கத்தில் இருந்தவன் கட்டிப்பிடித்துக்கொண்டு கன்னடத்தில் ஏதோ கத்தினான், நான் தமிழில் கத்தினேன். அப்புறம்தான் எந்த ஊர் என்று கேட்டான். வேலூர் என்றேன். "ஆஸ்பத்திரியா, ஜெயிலா?" என்றான் சுத்தமான தமிழில்.

நீ எனக்கு விசிட் விசா எடுக்கிறேன் என்றாய், சரி. என் பாஸ்போர்ட் ஆடியிலேயே முடிந்துவிட்டது. புதுப்பிக்கக் கொடுத்தேன், போலீஸ் விசாரணைக்கு இன்னும் ஆள் வந்தபாடில்லை. வாசலில் பைக் சத்தம் கேட்டால் அம்மா காபி போட எழுந்துவிடுகிறாள்.

ஃபைனல் கத்தாரில் என்றதும் முதலில் எரிச்சல்தான் வந்தது. எதிரணி ஈராக்காரர்கள், அல் குவா அல் ஜவியா, விமானப்படை கிளப். 1931-லிருந்து இருக்கிறார்கள். கணக்குப்படி இந்த ஃபைனல் அவர்களுடைய சொந்த மண் ஆட்டமடா சலீம்! பாதுகாப்பைக் காரணம் காட்டி ஈராக் கிளப்புகளை அவர்கள் நாட்டில் ஆசியப் போட்டி ஆட விடுவதில்லை. அதனால் தோஹாவைத் தங்கள் ஊராக எழுதிக்கொண்டு ஆடுகிறார்கள். பாக்தாத்தில் இருக்கிற ரசிகன் தன் ஊர் ஆட்டத்தைப் பார்க்க விசா எடுத்து விமானம் ஏறவேண்டும். நானாவது வெளியூர் ஆட்டத்துக்குப் போக முடியாதவன். அவன் உள்ளூர் ஆட்டத்துக்கே போக முடியாதவன். ஒரு மாசம் ஓசூர் பார்டரைத் திட்டிக்கொண்டு இருந்தேனே, அவர்களுக்கு இது எத்தனை வருஷமாக நடக்கிறதோ! இதைப் படித்த அன்று ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை. யாரிடம் சொல்ல, சொன்னால் "பந்து விளையாட்டுக்கா இவ்ளோ?" என்பார்கள்.

அதனால் உனக்கு ஒரு வேலை. ஆட்டம் முடிந்ததும், யார் ஜெயித்தாலும் சரி, அந்தப் பக்கம் போய் ஒருத்தனிடமாவது பேசு. பாக்தாத்தில் கடைசியாக எப்போ வெளிநாட்டு டீம் வந்து ஆடியதைப் பார்த்தான் என்று கேள். உனக்கு அரபி வருமே, சம்பள பாக்கி கேட்கிற அளவுக்காவது! கேட்டு எனக்கு எழுது.

இரக்கப்படுகிறேன் என்பதற்காகக் கோப்பையை விட்டுக்கொடுக்கச் சொல்லவில்லை. பயமாகத்தான் இருக்கிறது. கோல்கீப்பர் அம்ரிந்தருக்குத் தடை, மஞ்சள் அட்டை சேர்ந்துவிட்டது. ரால்டே நிற்பான். அந்தப் பக்கம் ஹம்மாதி அகமது, இந்தக் கோப்பையில் அவனை விட அதிகமாக யாரும் கோல் போடவில்லை. ஹுவானன் அவன் மேலேயே ஒட்டிக்கொண்டு இருக்கவேண்டும்.

நம்ம டீமின் நீல சட்டை போட்டுக்கொண்டு போ. சிவப்பு வேண்டவே வேண்டாம். இடைவேளையில் மட்டும் எனக்குப் போன் பண்ணாதே. போன தடவை நீ பண்ணினதும் என்ன ஆச்சு என்று கட்டை கோபியைக் கேள்.

உன்
குமரன்